அந்தோணி இழுத்த கைப் பிரேக்

மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் எஸ்டேட் ஆபீஸ் வேன் டிரைவர் இல்லாமல் தனியாகப் புறப்பட்டுப் போனது.

அதிக தூரம் இல்லை. நாற்பது அடி இருக்கும். ஆனால் எந்தப் பக்கம் போனது என்பதுதான் விஷயம்… சரிவுக்குக் கீழே ஆயாக் கொட்டகை. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போன பிறகு கைக்குழந்தைகளை விட்டுப் பார்த்துக்கொள்கிற இடம். அன்றைக்கு உள்ளே பதினாலு தொட்டில்.

கொட்டகைக்கு முன்னால் ஓடும் லோங்கானில், அதாவது சாக்கடைக் கால்வாயில், முன்சக்கரத்தை இறக்கிக்கொண்டு வேன் நின்றது. வேனின் மூக்குக்கும் தகரச் சுவருக்கும் நடுவே என் குடையைப் படுக்க வைத்தால் இடிக்கும். அவ்வளவுதான் இடம். ஒரு குழந்தைக்கும் கீறல் இல்லை. பாதிப் பிள்ளைகள் தூக்கம்கூடக் கலையவில்லை.

மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் சத்தம் கேட்டுக் கூடையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். அந்த ஓட்டத்தை நான் மறக்க மாட்டேன். அழுகை இல்லை, கூச்சல் இல்லை. வந்தார்கள், அவரவர் பிள்ளையைத் தூக்கினார்கள், கையையும் காலையும் தடவிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் திரும்பி அந்தோணியைப் பார்த்தார்கள்.

அந்தோணிசாமி எங்கள் வேன் டிரைவர். நான் ஆபீஸ் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. பத்து வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்து தானா ராத்தா டவுனுக்குப் போய் வருகிறேன். தபால், ஆஸ்பத்திரி மருந்து, ஆபீஸ் சாமான் – எல்லாம் அந்த ஒரு டிரிப்பில்தான்.

"கைப் பிரேக்கு போடாமலா எறங்குன?" என்று கேட்டாள் பார்வதி. இடுப்பில் எட்டு மாதப் பிள்ளை.

"போட்டேன் தங்கச்சி."

"போட்டா வண்டி எப்படிப் போகும்? பேய் வந்து தள்ளுச்சா?"

அந்தோணி வேனைத் திரும்பிப் பார்த்தார். என்ன சொல்ல முடியும்? கண்ணுக்கு முன்னால் வேன் லோங்கானில் கிடக்கிறது.

நடந்தது இதுதான். தானா ராத்தாவுக்குக் கிளம்பும் வழியில் கொட்டகைக்குப் பால் மாவு டின் இறக்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. காலைக் குளிரில் எங்கள் வேன் இன்ஜினை நிறுத்திவிட்டால் மறுபடி ஸ்டார்ட் பண்ணுவது பெரிய தவம். அதனால் இன்ஜினை ஓடவிட்டு, கியரை எடுத்துவிட்டு, கைப் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவது வழக்கம். அதிக நேரம் நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் வைப்போம். ஒரு நிமிஷத்துக்கு யார் கல் தேடுவார்கள்?

அந்தோணி முதலில் இறங்கிப் பின்னால் போனார். நான் என் பைலை எடுத்துக்கொண்டு இறங்கிக் கதவைச் சாத்தினேன். நாலு எட்டு வைக்கவில்லை… வேன் நகர்ந்தது. அந்தோணி டின்னைக் கீழே போட்டுவிட்டுக் கதவைப் பிடிக்க ஓடினார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மத்தியானமே துரை கூப்பிட்டார். துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் போய்விட்டார்கள். இப்போது இருப்பவர் ஈப்போ பக்கத்து மலாய்க்காரர், நிதானமான மனிதர். ஆனாலும் எங்கள் ஊரில் மேனேஜர் நாற்காலிக்குப் பெயர் துரைதான்.

"நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். அவர் கைப் பிரேக் போட்டதைப் பார்த்தீர்களா?"

யோசித்தேன். பத்து வருஷமாகப் பக்கத்தில் அசைகிற கை… அதை யார் தனியாகப் பார்க்கிறார்கள்?

"பார்க்கவில்லை" என்றேன்.

உண்மைதான். ஆனால் உண்மையைச் சொல்லியும் ஒரு மனிதனைக் கீழே தள்ள முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் பதிலைக் கேட்டு, பக்கத்தில் நின்ற அந்தோணி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை.

துரை சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். கவனக்குறைவு. திங்கட்கிழமை விசாரணை. நாளைக்கே வேனை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய், பிரேக் எப்படி இருக்கிறது என்று எழுதி வாங்கி வர வேண்டும். பிரேக்கில் கோளாறு இருந்தால் டிரைவர் மேல் குற்றம் இல்லை. கோளாறு இல்லாவிட்டால் வேலை இல்லை.

எங்களுக்கு வேலை போவது என்றால் வேலை மட்டும் போவதில்லை. வீடும் போகும். லயத்தில், அதாவது எஸ்டேட் வரிசை வீடுகளில், அந்தோணிக்கு இரண்டு அறை வீடு. மனைவி மேரி, மூன்று பெண் பிள்ளைகள். மூத்தவளுக்கு இந்த வருஷம் பரீட்சை. வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு எங்கே போவார்கள்?

இதெல்லாம் தெரிந்தும் நாலு காப்பி அடித்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை வேனை ஓட்டியவர் பேக்டரி லோரி டிரைவர். விசாரணை முடியும்வரை அந்தோணி ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று உத்தரவு. பத்து வருஷம் என் வலது பக்கம் இருந்தவர், அன்றைக்குப் பின்னால் சாக்குகளுக்கு நடுவே உட்கார்ந்து வந்தார்.

தானா ராத்தா ஒர்க்ஷாப் ஆ லெங் என்ற சீனருடையது. அவரைத் தவுக்கே, அதாவது முதலாளி, என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அப்பா எங்கள் எஸ்டேட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஆ லெங் பிறந்ததும் வளர்ந்ததும் அங்கேதான். தமிழ் என்னைவிட நன்றாகப் பேசுவார். திட்டுவது என்றால் இன்னும் நன்றாக.

பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கி போட்டுத் தூக்கினார். கைப் பிரேக்கை இழுத்துவிட்டுச் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. டிரம்மைக் கழற்றிப் பிரேக் லைனிங்கைப் பார்த்தார். தேயவில்லை, எண்ணெய்க் கசிவும் இல்லை. வண்டிக்கு அடியில் படுத்துக் கேபிளை முழ நீளத்துக்கு முழ நீளம் தடவிப் பார்த்தார். துரு இல்லை, பிரிந்த இழை இல்லை. இறக்கி, வாசல் சரிவில் நிறுத்தி, தானே கைப் பிரேக்கை இழுத்தார். கட கடவென்று ஏழு பல் சத்தம். வேன் கல் மாதிரி நின்றது. பத்துத் தடவை இழுத்தார், பத்துத் தடவையும் நின்றது.

"பிரேக்கு நல்லாதான் இருக்கு கிராணி. அப்படியே எழுதிக் குடுத்துடவா?"

அந்தோணியின் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் போய் டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஆ லெங் பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. அந்தோணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரியா வரலயே" என்றார் என்னிடம். "பிரேக்கு போடாதவனா இருந்தா, நல்லா இருக்குன்னு சொன்ன என்கூட இந்நேரம் சண்டைக்கு வந்திருப்பான். இவன் பேசாம போறான் பாருங்க."

பிறகு குரல் கொடுத்தார்: "அந்தோணி, இங்க வா. ஏறி உக்காரு. நேத்து எப்படி இழுத்தியோ அதே மாதிரி இழு."

நான் குறுக்கே விழுந்தேன். "ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாதுன்னு துரை உத்தரவு."

"தொட வேணாம். பிரேக்கை மட்டும் தொடட்டும்."

சக்கரத்துக்கு முன்னால் ஓரடி தள்ளிச் செங்கல் வைத்தார்கள். அந்தோணி ஏறி உட்கார்ந்து கைப் பிரேக்கை இழுத்தார். சத்தமே இல்லை. வேன் நின்றது.

"ஏன் பல்லுச் சத்தம் வரல?"

"பட்டனை அமுக்கிக்கிட்டுத்தான் இழுப்பேன் தவுக்கே. சும்மா இழுத்தா பல்லு தேயும். நம்ம வண்டி இல்ல பாருங்க… எஸ்டேட்டு வண்டி."

கைப் பிரேக் லீவரின் நுனியில் ஒரு பட்டன் இருக்கும், தெரியும்தானே? லீவருக்கு அடியில் பல் வைத்த ஒரு தகடு, அதில் மாட்டுகிற ஒரு கொக்கி. பட்டனை அமுக்கினால் கொக்கி விலகும். விட்டால் பட்டன் மேலே எழும்பும், கொக்கி பல்லில் விழும். நம்மில் முக்கால்வாசிப் பேர் கடகடவென்று இழுத்துவிட்டு இறங்கிப் போகிறோம். அந்தோணி எஸ்டேட் சொத்தின் பல் தேயக் கூடாது என்று பத்து வருஷமாகச் சத்தமில்லாமல் இழுத்திருக்கிறார். கவனக்குறைவு என்று நான் நாலு காப்பி அடித்தது இவரைத்தான்.

அந்தோணி கீழே இறங்கினார். ஆ லெங் பின்னால் போய் வேனின் உடம்பில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அடி கொடுத்தார். 'டக்' என்று உள்ளே சத்தம். லீவர் தொப்பென்று கீழே விழுந்தது. வேன் நகர்ந்து வந்து செங்கல்லில் முட்டி நின்றது.

ஆ லெங் சிரித்தார். எனக்கு மூச்சு வந்தது. அந்தோணி சிரிக்கவில்லை… அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

"பட்டன் பாதிதான் எழும்புது. கொக்கி பல்லு நுனியில ஒக்காந்திருக்கு. ஒரு ஆட்டம் குடுத்தா நழுவிடுது. நான் இழுக்கும்போது பட்டனைத் தொடல, அதனால பிடிச்சுது." சொல்லிக்கொண்டே ஸ்குரூவைக் கழற்றிப் பட்டனையும் அதன் கம்பியையும் ஸ்பிரிங்கையும் வெளியே இழுத்தார்.

கம்பியைச் சுற்றி மஞ்சளும் சிவப்புமாக ஏதோ கெட்டியாக அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி மூக்குக்கிட்டே கொண்டுபோனார்.

"என்ன அந்தோணி, பிரேக்குக்குள்ள கோயில் கட்டி வச்சிருக்க?"

சந்தனம். குங்குமம். பல அடுக்கு.

அந்தோணி தரையைப் பார்த்தார். அவர் எப்படி வைப்பார்? அவர் மாதா கோயிலுக்குப் போகிறவர்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – மலைப் பாதை என்றால் எனக்குப் பயம். இத்தனை வருஷம் இங்கே இருந்தும் அந்தப் பயம் போகவில்லை. பனி இறங்கிவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி சொல்கிறவன் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வளைவில் எதிரே லோரி வந்து மயிரிழையில் தப்பினோம். அதிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் வீட்டிலிருந்து சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து வேனுக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் ஏறுவேன். ஸ்டீயரிங்குக்கு ஒன்று. மீட்டர் போர்டுக்கு ஒன்று. மலையில் உயிரைக் காப்பது எது? பிரேக். அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே வைப்பேன். அந்தப் பட்டனும் பொட்டு வைக்க அளவெடுத்துச் செய்தது மாதிரி நெற்றி போல வட்டமாக இருக்கும். கட்டை விரலால் நன்றாக அழுத்தி வைப்பேன்.

மூன்று வருஷம். ஐம்பத்திரண்டு வெள்ளி வீதம் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்களே… பாவம் நடந்த இடம் என் கட்டை விரல்.

"அந்தோணி, உனக்கு இது தெரியுமா?"

"மூணு மாசமா ஒட்டுது கிராணி. குளிருல ரொம்ப ஒட்டும். நெகத்தால நெம்பி விட்டுக்குவேன். நேத்து நீங்க சீக்கிரம் சீக்கிரம்னீங்களா… நெம்ப மறந்துட்டேன்."

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றது? நீங்க சாமி பேரச் சொல்லி வைக்கிறீங்க. நான் வேற வேதக்காரன். நான் துணி எடுத்துத் தொடச்சா என்ன நெனைப்பீங்க? லயத்துல என்ன பேசுவாங்க? நெகத்தோட போகட்டும்னு விட்டுட்டேன்."

"நேத்து துரை முன்னாலயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா உங்க பேரு வருமே."

நான் என் கட்டை விரலைப் பார்த்தேன்.

ஆ லெங் மண்ணெண்ணெயில் பட்டனைக் கழுவி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கொக்கியைத் தேய்த்து, துளி கிரீஸ் வைத்து மாட்டினார். இப்போது கட்டை விரலை எடுத்த உடனே பட்டன் துள்ளிக்கொண்டு எழும்பியது. பின்னால் எவ்வளவு அடித்தும் லீவர் அசையவில்லை. ரிப்பேர் பத்தே நிமிஷம்.

பிறகு பேனாவை எடுத்தார். என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், எனக்கு ஒரு வழி காட்டினார். "அழுக்கு அடைச்சிருந்ததுன்னு எழுதிடவா கிராணி?"

அழுக்கு. எவ்வளவு வசதியான வார்த்தை. யார் பெயரும் வராது.

மறைக்காமல் சொல்கிறேன் – எனக்கு ஆசை வந்தது. மேஜை மேல் இருந்த தேத்தண்ணி ஆறிப்போகும்வரை யோசித்தேன். வேனைச் சுத்தமாக வைத்திருப்பது யார் பொறுப்பு? டிரைவர் பொறுப்பு. அந்த விதியையும் நான்தான் டைப் அடித்து ஆபீஸ் பலகையில் ஒட்டியிருக்கிறேன். அழுக்கு என்று எழுதினால் அது மறுபடி அந்தோணி தலையில்தான் போய் விடியும். இதை அவரும் புரிந்துகொண்டிருப்பார். ஆனாலும் வாய் திறக்கவில்லை.

"சந்தனம்னே எழுதுங்க" என்றேன். "யாரு வச்சதுன்னும் எழுதுங்க."

திங்கட்கிழமை விசாரணை மலாயில் நடந்தது. சந்தனத்துக்கு மலாயில் செண்டானா. அது துரைக்கும் தெரியும். ஆனால் பிரேக்குக்கு எதற்குச் செண்டானா என்று விளக்குவதற்குள் எனக்கு அந்தக் குளிரிலும் வேர்த்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஆ லெங்கின் காகிதத்தை இரண்டு தடவை படித்தார்.

"இது ஒட்டுவது உனக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் ரிப்போர்ட் பண்ணவில்லை?" என்று அந்தோணியைக் கேட்டார்.

"கிராணி மனசு சங்கடப்படும் துவான்" என்றார் அந்தோணி. மலாயில் துரையை அப்படித்தான் கூப்பிடுவோம்.

துரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அந்த ஜன்னலிலிருந்து ஆயாக் கொட்டகையின் கூரை தெரியும். "பதினாலு குழந்தைகள்" என்று மட்டும் சொன்னார். அந்த இரண்டு வார்த்தையில் எங்கள் இரண்டு பேருக்குமே தலை குனிந்தது.

அந்தோணிக்கு வேலை இருக்கிறது. வீடு இருக்கிறது. சாவியை அவர் கையிலேயே கொடுத்தார் துரை. இனி ஒரு நிமிஷமானாலும் சக்கரத்துக்குக் கல் என்று எல்லா டிரைவர்களுக்கும் உத்தரவு. எனக்கு ஒரு வார்னிங் லெட்டர். ஆபீஸில் டைப் அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தானே? எனக்கான வார்னிங்கை நானே அடித்தேன். நாலு காப்பி. மூன்று இடத்தில் எழுத்து தப்பிப் போயிற்று.

கடைசியில் துரை சொன்னார்: "கிராணி, உங்கள் சாமிக்குக் கண்ணாடிப் பக்கம் நல்ல இடம் இருக்கிறது. பிரேக்கை எங்களுக்கு விட்டுவிடுங்கள்."

மறுநாள் காலைப் பெரட்டில், எல்லோரும் வேலைக்குப் பிரிவதற்கு முன்னால், நடந்ததை நானே எழுந்து நின்று சொன்னேன். பெண்கள் அந்தோணியைப் பார்த்த பார்வை என் மனதில் நின்றுகொண்டே இருந்தது. அது என் பேருக்கு வந்திருக்க வேண்டிய பார்வை. பார்வதி முழுக்கக் கேட்டுவிட்டு, "சாமி மேல குத்தம் இல்ல கிராணி, எடம் பாத்து வைக்கணும்" என்றாள். பிறகு அந்தோணி பக்கம் திரும்பி, "மனசுல வச்சுக்காதீங்கண்ணே" என்றாள்.

இப்போது கோலாலம்பூரில் பட்டனை அமுக்கினால் கண்ணாடி இறங்குகிற கார் வந்திருக்கிறதாம். நாளைக்குக் கைப் பிரேக்குக்கும் கரண்டில் வேலை செய்கிற பட்டன் வரலாம். வரட்டும். எந்த மெஷின் வந்தாலும், அது ஒட்டுகிறது என்று ஒருவர் வாய் திறந்து சொல்ல வேண்டுமே? அந்தோணி பயந்து மறைக்கவில்லை. என் மேல் உள்ள மரியாதையால் மறைத்தார். அவ்வளவு மரியாதையை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு சின்னக் குறையைக்கூட என் காதில் போட முடியாதபடி நான் பத்து வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரி. பக்கத்து சீட்டில் இருப்பவருக்குத் தெரியும். அவரைச் சொல்ல விட வேண்டும்.

இதை அப்படியே அந்தோணியிடம் சொன்னேன், அடுத்த வெள்ளிக்கிழமை வேனில் ஏறியதும். "இனிமே எதுன்னாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும். என்ன?"

அவர் இரண்டு வளைவு தாண்டும்வரை யோசித்தார்.

"அப்ப ஒண்ணு சொல்லவா கிராணி? நீங்க கதவை ரொம்ப ஓங்கி அடிக்கிறீங்க. அன்னிக்குக் கொக்கி நழுவுனதே நீங்க அடிச்ச அடியிலதான்."

அவர் அதோடு விடவில்லை. வளைவில் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு 'மெல்ல, மெல்ல' என்று முனகுகிறேனாம், அது அவருக்குப் பதற்றமாக இருக்கிறதாம். குடையை ஈரத்தோடு சீட்டில் வைக்கிறேனாம். தானா ராத்தா வந்து சேர்வதற்குள் ஒன்பது சொல்லிவிட்டார். எல்லாம் சரிதான்.

வேனை நிறுத்தி, இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் இறங்கிக் கதவை மிக மிக மெதுவாகச் சாத்தினேன்.

சரியாகச் சாத்தவில்லையாம்… அதையும் சொன்னார்.